சாந்தினி சௌக்கின் கைத்திறனுக்கு யார் பணம் கொடுப்பது?

மகாளய அமாவாசை நெருங்கினால் கொல்கத்தாவின் ரேடியோ மெக்கானிக்குகளிடம் பழைய பெட்டிகள் வந்து குவிகின்றன. அன்று அதிகாலை நான்கு மணிக்கு ஆகாசவாணியில் வரும் 'மகிஷாசுர மர்த்தினி'யை வானொலிப் பெட்டியில்தான் கேட்க வேண்டும் என்பது 1930களில் தொடங்கிய வழக்கம். அந்த நிகழ்ச்சி இன்று கைபேசியில் எந்த நேரமும் கிடைக்கிறது. இருந்தாலும் பரணில் கிடந்த பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். மீதமிருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். தேவை இருந்தும் தொழில் நலிகிறது என்றால், மக்களின் ரசனை மாறிவிட்டது என்று சொல்லி அதைக் கடந்துபோக முடியாது. மின்னணுப் பொருள் விற்கும் சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கடைகளோடு மறைவது விற்பனை அல்ல. விற்பனை வேறு இடத்தில் தாராளமாகவே நடக்கிறது. விற்பனை லாபத்தை நம்பி இத்தனை காலம் உயிரோடு இருந்த பழுதுபார்ப்பும் ஆலோசனையும்தான் மறைகின்றன.

கொல்கத்தாவுக்கு இந்தத் தொழிலில் நீண்ட வரலாறு உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1930இல் இந்தியாவில் கால்பதித்தது இந்த நகரில்தான். சோனோடைன் ஒலிக்கருவிகள் 1970இல் இங்கே பிறந்தன. மாநில அரசின் மின்னணு நிறுவனமான வெபெல் 1974இல் தொடங்கப்பட்டது. 1975 ஆகஸ்ட் 9 அன்று தூர்தர்ஷனின் கல்கத்தா நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, டெலிராமா போன்ற உள்ளூர் பெயர்கள் நடுத்தர வங்காளிக் குடும்பங்களின் கூடங்களில் இடம்பிடித்தன. எழுபது, எண்பதுகளின் மின்வெட்டும் நிலையற்ற மின்னழுத்தமும் ஸ்டெபிலைசர், இன்வர்ட்டர் என்று ஒரு தனித் தொழிலையே வளர்த்தன. இவை அனைத்தும் வந்து சேர்ந்த இடம் சித்தரஞ்சன் அவென்யூவை ஒட்டிய சாந்தினி சௌக். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு என்றால் உடனே புரியும். முன்பக்கம் விற்பனை, உள்ளே ஒரு மேசை, அதன்மேல் சால்டரிங் இரும்பும் மல்டிமீட்டரும், அந்த மேசையில் குனிந்தபடி ஒருவர். அக்கடைகளின் கணக்கு எளிமையானது. புதுப் பொருளை விற்றால் கிடைக்கும் லாபம் கடை வாடகையையும் உள்ளே இருப்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கையும் தாங்கியது. அதனால்தான் 'எந்த ஸ்டெபிலைசர் உங்கள் வீட்டுக்குப் போதும்' என்ற ஆலோசனை இலவசமாகவும், பழுதுபார்ப்பு மலிவாகவும் கிடைத்தன. வாடிக்கையாளர் அவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. பொருளின் விலைக்குள்ளேயே கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கு உடைந்ததற்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. வானொலி, டேப் ரெக்கார்டர், கேமரா, கால்குலேட்டர், டார்ச் விளக்கு எல்லாம் ஒரே கைபேசிக்குள் போய்விட்டன. பார்க் ஸ்ட்ரீட்டின் அடையாளங்களில் ஒன்றாக இருந்த மியூசிக் வேர்ல்டு 2013இல் மூடப்பட்டதற்கு எந்தப் போட்டிக் கடையும் பொறுப்பல்ல. குறுந்தகட்டின் காலம் முடிந்தது, அவ்வளவே. இத்தகைய இழப்பைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் 2014இல் நடந்தது வேறு வகை. பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஜூலையில் ஷாவ்மியின் மி 3 ஆகியவை பிளிப்கார்ட்டில் மட்டுமே விற்பனைக்கு வந்தன. டிசம்பரில் ஒன்பிளஸ் அமேசானில் மட்டும் வந்தது. அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியது. அந்த ஆண்டு சாந்தினி சௌக்கின் கடைக்காரர் ஒருவர் தன் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருந்தாலும், அந்தக் கைபேசிகளை வாங்கி விற்றிருக்க முடியாது. சரக்கே அவருக்குக் கிடையாது. போட்டியிட்டுத் தோற்பது ஒன்று, போட்டிக்கே சேர்த்துக்கொள்ளப்படாமல் இருப்பது இன்னொன்று.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தைகளுக்கு 2016இல் விதிகள் வந்தன. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த விதிகள், தங்கள் தளத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று விற்பனையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றன. டெல்லி வணிகர் அமைப்பு ஒன்றின் புகாரின்பேரில் பிளிப்கார்ட், அமேசான் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டப்பட்டதாக விசாரணை அறிக்கை கூறுகிறது என்ற செய்தி 2024இல்தான் வெளிவந்தது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்திருக்கின்றன. இறுதி முடிவை ஆணையமும் நீதிமன்றங்களும் சொல்லட்டும். எனக்கு உறுத்துவது காலதாமதம்தான். மாத வாடகையில் ஓடும் கடை நான்கரை ஆண்டுக் காலம் விசாரணைக்குக் காத்திருக்க முடியாது. பெரிய கடைகளுக்கே மூச்சுத் திணறியது. 2024 மே முதல் தேதியிலிருந்து ஒன்பிளஸ் பொருள்களை விற்க மாட்டோம் என்று தென்னிந்திய சில்லறை விற்பனையாளர் சங்கம் அறிவித்தபோது, அதன் பின்னால் சுமார் 4,500 கடைகள் இருந்தன. குறைந்த லாபமும் வாரன்ட்டி கோரிக்கைகளில் தாமதமும் அவர்கள் சொன்ன காரணங்களில் அடக்கம். பேரம் பேச அவர்களுக்குச் சங்கம் இருந்தது. தெருமுனைக் கடைக்கு அதுவும் இல்லை.

'கடைகள் எங்கே அழிகின்றன? கோஸ்லா, கிரேட் ஈஸ்டர்ன், குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல் எல்லாம் கொல்கத்தாவில் துர்கா பூஜைதோறும் கூட்டத்தோடுதானே இருக்கின்றன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிர்பதனப்பெட்டியையும் ஏசியையும் கண்ணால் பார்த்து வாங்கவே நம் மக்கள் விரும்புகிறார்கள். பூஜை போனஸ் கையில் வரும்போது குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் பெரிய ஷோரூம்களில் விளக்கம் சொல்ல நிற்பவர்களில் பலர் ஏதோ ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து அனுப்பியவர்கள். தன் கம்பெனிப் பொருளைத் தள்ளிவிடுவது அவர்களது வேலை. பொருள் பழுதானால் கம்பெனியின் தொலைபேசி எண் ஒன்று நமக்குத் தரப்படும். இத்தகைய ஷோரூமுக்கும் இணையத் தளத்துக்கும் இடையே ஒரு வாடிக்கையாளர் காணும் வேறுபாடு நாளுக்கு நாள் சுருங்குகிறது. அது கடைக்கும் ஆபத்து. அமெரிக்காவின் மின்னணுக் கடைத்தொடரான சர்க்யூட் சிட்டி 2007 மார்ச்சில், சம்பளம் அதிகம் என்று சொல்லி, அனுபவம் மிக்க விற்பனையாளர்கள் சுமார் 3,400 பேரை ஒரே அறிவிப்பில் வெளியேற்றியது. அடுத்த ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தது. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. அந்தச் சரிவுக்கு உலகப் பொருளாதார நெருக்கடி உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் அதே நெருக்கடியைச் சந்தித்த பெஸ்ட் பை, இணைய விலைக்கு ஈடாகத் தன் விலையைக் குறைத்ததோடு, வீட்டுக்கே வந்து பொருத்தித் தந்து பழுதும் நீக்கும் தன் தொழில்நுட்பக் குழுவை விடாமல் வைத்திருந்தது. இன்றும் கடை நடத்துகிறது. தொழில் தெரிந்தவரை உள்ளே வைத்திருப்பதுதான் கடைக்கு மூலதனம்.

இதைவிட வலுவான எதிர்வாதம் நுகர்வோர் தரப்பிலிருந்து வருவது. இணையம் விலையைக் குறைத்தது, ரசீதைக் கட்டாயமாக்கியது, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வசதியைத் தந்தது. சிறு கடைகளில் பில் கேட்டால் ஒரு விலை, கேட்காவிட்டால் ஒரு விலை என்பதும், கம்பெனி பெயர் ஒட்டிய போலி உதிரிபாகங்களும் எல்லோரும் அறிந்தவை. கொல்கத்தா கிதிர்பூரின் ஃபேன்சி மார்க்கெட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததே கடத்தல் சரக்குதான். மாத வருமானத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திடம், இந்தக் கடைகள் வாழ்வதற்காக இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை. ஆனால் மலிவு விலையைக் கணக்கிடும்போது வாரன்ட்டி முடிந்த மறுநாளிலிருந்து ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு சிறிய மின்தேக்கி போனதற்காக முழு போர்டையும் மாற்றச் சொல்வதும், போர்டு விலைக்குப் புது டிவியே வாங்கிவிடலாம் என்று அறிவுரை சொல்வதும் இன்று சாதாரணம். அந்த மின்தேக்கியை மட்டும் மாற்றத் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது, தள்ளுபடியில் மிச்சமான பணம் அடுத்த சில ஆண்டுகளில் வட்டியோடு வெளியேறுகிறது. குப்பைக் கணக்கு தனி. 2022இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

வேலைவாய்ப்பைச் சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே, நதியா மாவட்டத்தின் ஹரிங்காட்டாவில் 110 ஏக்கரில் பிளிப்கார்ட்டின் மாபெரும் கிடங்கு 2022இல் திறக்கப்பட்டது. சுமார் 11,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. தொழில்கள் வெளியேறிய வரலாறு கொண்ட மாநிலத்துக்கு அது சிறிய விஷயம் அல்ல. ஆனால் பொருளை எடுத்து, ஸ்கேன் செய்து, கட்டி அனுப்பும் வேலையில் சேர்பவர் ஐந்தாண்டு கழித்தும் அதே வேலைக்குத்தான் தகுதியானவராக இருப்பார். பழுதுபார்க்கும் மேசையில் ஐந்தாண்டு உட்கார்ந்தவர் அடுத்த நாளே சொந்தமாக ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம். கிடங்கு வேண்டாம் என்பதல்ல என் வாதம். கிடங்கு ஒன்று வந்துவிட்டதால் அந்த மேசையின் இழப்பு ஈடாகிவிட்டதாகக் கருதக் கூடாது.

ஆகவே இணைய விற்பனையை முடக்குவதோ, கடைகளுக்கு மானியம் கொடுப்பதோ தீர்வாகாது. விற்பனை லாபம் இனி பழுதுபார்ப்பைத் தாங்காது என்றால், பழுதுபார்ப்பு தன் காலில் நிற்க வழிசெய்ய வேண்டும். அதற்கு முதல் தேவை உதிரிபாகம். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. ஒவ்வொரு பொருளையும் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான குழு 2025 மேயில் அறிக்கை கொடுத்தது. பிரான்ஸ் இத்தகைய குறியீட்டை 2021இலேயே கொண்டுவந்துவிட்டது. மதிப்பெண் நல்ல தொடக்கம்தான். ஆனால் உதிரிபாகத்தையும் சர்க்யூட் வரைபடத்தையும் தன் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டுமே கம்பெனி தரும்வரை, அந்த மதிப்பெண்ணால் சாந்தினி சௌக் மெக்கானிக்குக்கு எந்தப் பயனும் இல்லை. லித்தியம் பேட்டரி தீப்பற்றும், வாடிக்கையாளரின் தகவல்கள் திருடுபோகும் என்று கம்பெனிகள் சொல்லும் அச்சம் பொய்யல்ல. அதற்கு மருந்து பயிற்சியும் சான்றிதழும். வெபெலும் அரசு பாலிடெக்னிக்குகளும் இருக்கும் ஒரு மாநிலத்தில், பல ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கு ஒரு செய்முறைத் தேர்வு வைத்துச் சான்று கொடுப்பது கடினமான காரியம் அல்ல. அந்தச் சான்று பெற்றவருக்கு, அங்கீகார மையத்துக்குக் கொடுக்கும் அதே விலையில் உதிரிபாகம் விற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழையதைப் பழுதுபார்க்கும் சேவைக்கான வரி 18 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. புதிது வாங்குவதற்குக் கிடைத்த சலுகை, இருப்பதைக் காப்பாற்றுபவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்டு விற்றுமுதல் இருபது லட்சத்துக்குக் குறைவாக உள்ள மெக்கானிக் பொதுவாக இந்த வரியை வசூலிக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வாங்கும் உதிரிபாகத்தில் வரி இருக்கிறது, அதைத் திரும்பப் பெற அவருக்கு வழியும் இல்லை. ஆஸ்திரியா 2022 முதல் மின்னணுப் பொருளின் பழுதுபார்ப்புக் கட்டணத்தில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்கும் திட்டத்தை நடத்திப் பார்த்தது. நம்மால் அவ்வளவு முடியாது. உதிரிபாகங்களுக்கும் பழுதுபார்ப்புச் சேவைக்கும் வரியை 5 சதவீதமாக்குவது முடியும். ஜிஎஸ்டி கவுன்சிலில் மேற்கு வங்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடம் இருக்கிறது. சாந்தினி சௌக்குக்கும் ரிச்சி தெருவுக்கும் பொதுவான இந்தக் கோரிக்கையை இரு மாநில அமைச்சர்களும் அடுத்த கூட்டத்திலேயே சேர்ந்து முன்வைக்கலாம்.