சில்லுவின் கணவர்

ஆண்டுதோறும் டிசம்பர் 16 நெருங்கினால் சாம் மானெக்‌ஷாவின் முறுக்கிய மீசையும் 1971 போர் வெற்றியும் பத்திரிகைகளில் வந்துவிடும். அந்தப் பக்கங்களில் அவர் மனைவி சில்லுவைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர்; லாகூரில் சந்தித்த இளம் அதிகாரியை 1939 ஏப்ரலில் மணந்தவர். 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் போரில் ஜப்பானியரின் எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் மானெக்‌ஷாவின் உடலைத் துளைத்தபோது மூத்த மகள் ஷெரிக்கு இரண்டே வயது. உதவியாள் ஷேர் சிங் தூக்கிச் சுமந்திராவிட்டால் அந்தக் குழந்தைக்கு அப்பா முகமே நினைவில் இருந்திருக்காது. இளையவள் மாயா பிறந்திருக்கவே மாட்டாள். போர்க்கதை எழுதுகிறவர்கள் குண்டுகளை எண்ணுகிறார்கள், வீட்டில் காத்திருந்தவளை எண்ணுவதில்லை. ஓய்வுக்குப் பிறகு மானெக்‌ஷா டெல்லியில் தங்கிப் பதவி தேடாமல், முன்பு தளபதியாகப் பணியாற்றிய வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, குன்னூரில், மனைவியோடு குடியேறினார். 2001இல் சில்லு போனார். 2008 ஜூனில் அவரும். ஊட்டி பார்சி மயானத்தில் மனைவியின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷலை வழியனுப்பப் பிரதமரும் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. அந்த மகள்களுக்கு நாடு செய்த அவமரியாதை அது.