கழுத்தில் நெறி கட்டினால்…



குழந்தைக்கு ஜுரத்தோடு கழுத்து வீங்கினால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் 'பொன்னுக்கு வீங்கி' என்று தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு, மஞ்சள் பற்றும் போடுவோம். உடம்பு சிவந்தால் 'அம்மை' என்று வேப்பிலை செருகிவிடுவோம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். பொன்னுக்கு வீங்கி காதுக்குக் கீழே தாடையோரம் உப்பும். அதற்கும் கீழே கழுத்தில் நெறி கட்டினால் வேறு இரண்டை நினைக்க வேணும்.

ஒன்று, தொண்டைக்குப் பின்னால் சீழ் கோப்பது. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். குரல் அமுங்கிப் போகும். கழுத்தைத் திருப்பினால் அழும். மூச்சு இழுத்தால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று கவாசாகி நோய். ஜப்பானில் டாக்டர் டோமிசாகு கவாசாகி 1961-ல் முதலில் பார்த்து, 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். இதில் சீழ் கிடையாது. ரத்தக்குழாய்கள்தான் அழன்று வீங்கும். ஆனால் சில குழந்தைகளுக்குக் கழுத்து வீக்கமே முதலில் தெரியும். ஸ்கேனிலும் தொண்டைக்குப் பின்னால் வீக்கம் தெரிவதால், டாக்டர்களுக்கே சீழோ என்று சந்தேகம் வரும்.

அடையாளங்கள் இவை: ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்காமல் 5 நாளைத் தாண்டும் ஜுரம், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, செக்கச்செவேலென்ற நாக்கு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம். சில குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தழும்பும் சிவக்கும். விரல் நுனித் தோல் உரிவது இரண்டாம் வாரத்துக்கு மேல்தான். அதுவரை காத்திருக்கக் கூடாது.

ஏனென்றால், வைத்தியம் செய்யாவிட்டால் 100 குழந்தைகளில் சுமார் 25 பேருக்கு இதய ரத்தக்குழாய் புடைத்துவிடும். ஜுரம் கண்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றினால் அது சுமார் 5 பேராகக் குறைகிறது.

இந்த அடையாளங்கள் எல்லாம் எப்போதும் ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை; ஒன்று வந்து அடங்கிய பிறகு இன்னொன்று வரலாம். எங்கள் தெருவில் ஒரு நாலு வயதுப் பையனை டாக்டரிடம் கொண்டுபோன அன்று கழுத்து வீக்கம் மட்டும்தான் இருந்தது. "மூணாம் நாள் கண்ணு ரத்தமாச் சிவந்து அடங்கிச்சுங்க" என்று அவன் பாட்டி சொன்ன பிறகுதான் டாக்டர் இதய எக்கோ எடுக்கச் சொன்னார். மருந்தும் நேரத்தில் ஏறியது.

ஆகவே ஜுரம் ஆரம்பித்த தேதியை காலண்டரில் குறியுங்கள். என்றைக்கு எது சிவந்தது, எது வீங்கியது என்பதையும் பக்கத்திலேயே எழுதி, அதை டாக்டரிடம் காட்டுங்கள்.