வீட்டுக் கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பவர் யார்?

மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் தனது பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதனையொட்டி நம்மவர் இல்லங்களிலும் மாணவர் விடுதிகளிலும் ஒரு வினா ஓயாது எழுப்பப்படலாயிற்று. வீட்டிலுள்ள கணினியை விண்டோஸ் 11க்கு உயர்த்துவதா, பழையபடியே விட்டுவிடுவதா என்பதே அவ்வினா. வினா எளியது போலத் தோன்றுகின்றது. ஆயின், அதற்கு விடையிறுப்போர் இரு பாசறைகளாகப் பிரிந்துநின்று ஒருவரையொருவர் பழிப்பதைக் காணும்போது, வினாவையே இன்னும் நாம் செவ்வனே விளங்கிக்கொள்ளவில்லையோ என்ற ஐயம் எழுகின்றது.

ஒருசாரார் புதியதன் அடியார்கள். உயர்த்தியே ஆகவேண்டும், பழைய இயந்திரம் இடங்கொடாதாயின் புதிய இயந்திரமே வாங்கியாகவேண்டும் என்பது அவர்தம் கட்சி. கணினிக் கடைக்காரர் யாவரும் இக்கட்சியினர் என்று கூறத் தேவையில்லை. மற்றொரு சாரார், ஓடுகின்ற இயந்திரத்திற் கைவைக்கலாகாது, ஆதரவு முடிந்தது என்பதெல்லாம் விற்பனைத் தந்திரம் என்று கூறி அமைவோர். இவ்விரு கட்சியாரும் தத்தம் முடிபுக்கு விரைந்து வந்துவிட்டனர் என்பதே எமது குற்றச்சாட்டு. இவருள் இரண்டாமவர் நமக்கு உளப்பாங்கில் நெருங்கியவர். ஆதலின் அவரிடமிருந்தே தொடங்குதல் முறையாகும்.

ஆதரவு முடிவுற்றது எனில் கணினி நின்றுவிடும் என்பது பொருளன்று. அது முன்போலவே இயங்கும். நிற்பது யாதெனின், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்களேயாம். இதனை அற்பமெனக் கருதுவோர் 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்ததைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். வன்னாக்கிறை எனப்பட்ட நச்சுநிரல் உலகெங்குமுள்ள கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயப்பணம் கோரிற்று. பிரித்தானியாவில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 நிருவாக அலகுகளுள் குறைந்தது 80 அலகுகள் பாதிப்புற்றன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன என மதிப்பிடப்பட்டது. ஈண்டு நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14ஆந் திகதியே வெளியாகியிருந்தது. தொற்றுக்குள்ளான கணினிகளுட் பெரும்பான்மையானவை விண்டோஸ் 7இல் இயங்கியவை. அன்று விண்டோஸ் 7 ஆதரவிழந்த முறைமையன்று. 2020 சனவரி 14 வரை அதற்கு ஆதரவு இருந்தது. மருந்து வாசலுக்கு வந்தும் உட்கொள்ளாதவரே வீழ்ந்தனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? காப்பது பதிப்பின் இலக்கமன்று, இடையறாப் பராமரிப்பேயாகும். எனவே, வலையமைப்பில் இணைந்துள்ள கணினியொன்றைத் திருத்தங்களின்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம் என்ற இரண்டாங் கட்சியாரின் கூற்று ஏற்புடையதன்று. வங்கிக் கணக்கும், மின்னஞ்சலும், மூன்று ஆண்டு உழைப்பில் விளைந்த ஆய்வேடும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வீட்டில் இக்கூற்று ஆபத்தானதும் ஆகும். இணையத்தை அறவே தொடாது, தட்டெழுத்துக்கு மாத்திரம் பயன்படும் கணினியாயின் வேறு. அத்தகைய கணினி இன்று எத்தனை வீடுகளில் உண்டு?

இனி, முதற் கட்சியாரிடம் வருவோம். இவர்களோடுதான் நமக்குப் பெரிய வழக்கு.

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 ஒக்டோபர் 5ஆந் திகதி. அதனை ஏற்பதற்கு ஒரு கணினி கொண்டிருக்கவேண்டிய தகுதிகள் என நிறுவனம் சிலவற்றை விதித்தது. 4 கிகாபைற்று நினைவகம், 64 கிகாபைற்றுச் சேமிப்பிடம் என்பன பெரிய நிபந்தனைகளல்ல. நெருடல் தோன்றியது வேறிரண்டில். குறியீட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லின் 2.0 பதிப்பு இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மையச் செயலி இன்ரெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும் என்பது மற்றொன்று. எட்டாந் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வரத்தொடங்கியது 2017 ஓகஸ்ற் மாதத்திலாகும். ஆகவே, 2017இன் முற்பகுதியில் ஒருவர் விலைகொடுத்து வாங்கிய புத்தம்புதிய கணினி, நான்கு ஆண்டு கழிந்ததும் தகுதியற்றதென ஒதுக்கப்பட்டது. அதன் செயலி தேயவில்லை, தட்டு உடையவில்லை, திரை மங்கவில்லை. பட்டியலில் அதன் பெயர் இல்லை, அவ்வளவே.

பாதுகாப்பின் பொருட்டே இவ்வெல்லை வகுக்கப்பட்டது என்பர். அதில் உண்மை அறவே இல்லை என நாம் கூறவில்லை. வன்பொருளில் வேரூன்றிய காப்பு மென்பொருட் காப்பிலும் வலியதென்பதைத் துறைபோகியோர் மறுப்பதில்லை. எனினும், எல்லை எங்கே இடப்பட்டது, யாருக்காக வளைக்கப்பட்டது என்பனவும் நோக்கற்பாலன. ஏழாந் தலைமுறைச் செயலிகள் ஒதுக்கப்பட்ட வேளையில், அத்தலைமுறையைச் சேர்ந்த சில செயலிகள் மட்டும் 2021 ஓகஸ்றில் விதிவிலக்காகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இருந்தது மைக்ரோசொப்ற் நிறுவனம் தானே தயாரித்து 2018 முதல் விற்றுவந்த ‘சேர்பேஸ் ஸ்ரூடியோ 2’ என்ற கணினியில். தன் வீட்டுப் பண்டத்துக்கு வாயில் திறந்தது. பிறர் பண்டங்களுட் பெரும்பாலானவற்றுக்கு அடைத்தது. பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலே எங்கும் பயன்பட்டது என்று இதன் பின்னரும் வாதிடுவோரின் நம்பிக்கையை வியக்கத்தான் வேண்டும்.

இதன் விளைவு சிறிதன்று. இவ்வெல்லை காரணமாக உலகில் 24 கோடி கணினிகள் வரை கழிவாகக்கூடும் எனக் கனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. மதிப்பீடு மதிப்பீடே. அதிற் பாதியே உண்மையெனக் கொண்டாலும், அக்குவியல் எந்நாடுகளின் கரைகளில் இறக்கப்படும் என்பதை மூன்றாமுலக நாடொன்றின் மாணாக்கருக்கு விளக்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் நமது அனுபவமொன்றை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்தது. அந்நாளில் அரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் வகைக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர் எம்மவர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இதனை வறுமையின் கெட்டித்தனம் என்று புகழ்ந்து மகிழ்வது எமது நோக்கமன்று. மண்ணெண்ணெய்ப் புகையில் யாரும் மகிழவில்லை. நாம் சுட்ட விரும்புவது வேறு. அந்தக் காரைப் பழுதுபார்ப்பதற்கு இங்கிலாந்திலிருந்த தொழிற்சாலையின் அனுமதி வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்தால் பொறி கண்முன்னே கிடந்தது. கராச்சு மெக்கானிக்கின் அறிவே அதன் ஆயுளை நிர்ணயித்தது. இன்று நமது மேசைமேலுள்ள கணினியின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் உடமையாளனும் அல்லன், பழுதுபார்ப்பவனும் அல்லன். நிரலின் மூலம் மூடிவைக்கப்பட்டிருப்பதால், ஆக்கியோன் கைவிட்டதை வேறெவனும் கையேற்க இயலாது. உடைமை நமது, அதிகாரம் அவர்களது என்ற இந்நிலையை இயற்கை நியதிபோல ஏற்றுக்கொண்டு, ‘உயர்த்துவதா, விடுவதா’ என்று மட்டும் விவாதிப்பதே முதற் கட்சியார் நமக்கு இழைக்கும் பெருந்தீங்காகும்.

இவ்வாறு கூறுவதால் உயர்த்துதல் யாவும் வணிகச் சூழ்ச்சி என்பது எமது கட்சியெனக் கொள்ளற்க. தமிழரைப் பொறுத்தவரை அவ்வாறு கூறுவது நன்றிகேடாகவும் முடியும். யூனிக்கோட் குறிமுறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும் விண்டோஸ் குடும்பத்தில் அதனைத் தமிழர் தம் மேசையில் நேரடியாக உணர்ந்தது, லதா என்னும் எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 வந்தபின்னரேயாகும். அதற்கு முன்னர் பாமினி முதலிய எழுத்துருக்களே எமக்குக் கதி. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாறு எழுதிய கட்டுரையைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிய ஒரு குப்பையே தோன்றும். தேடவும் இயலாது, அகரவரிசைப்படுத்தவும் இயலாது. அன்று பழைய முறைமையை விட்டு மேலேறியவர் தமிழைத் தமிழாகவே கணினியில் வைக்கும் வசதியைப் பெற்றார். அது உயர்வு. பெயரிலும் பொருளிலும் உயர்வு. விண்டோஸ் 10இலிருந்து 11க்குச் செல்வோர் அத்தகைய எதனைப் பெறுகின்றனர்? பணிப்பட்டை நடுவிற்கு நகர்ந்திருக்கின்றது. இல்லப் பதிப்பை நிறுவுங்கால் மைக்ரோசொப்ற் கணக்கொன்றும் இணைய இணைப்பும் வேண்டப்படுகின்றன. காப்பு சற்று வலுப்பெற்றுள்ளது. இறுதியாகக் கூறியதைத் தவிர்த்தால் எஞ்சுவது அலங்காரமே.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது என்று கேட்கலாம். கேட்பது நியாயமே.

கணினி தகுதிப் பட்டியலில் இருக்குமாயின் உயர்த்துக. கட்டணமில்லை, காப்பும் தொடரும், மறுப்பதற்குக் காரணமில்லை. தகுதியற்றதென்று திரையிற் கண்டவுடன் மனமுடையவும் வேண்டியதில்லை. பாதுகாப்புச் சில்லின் பணி பல கணினிகளில் உள்ளமைந்திருந்தும் ஆரம்ப அமைப்புகளில் முடக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதனை இயக்கினாற் போதுமானதாயிருக்கலாம். கடைக்குத் தூக்கிச்செல்லுமுன் இதனைச் சோதிக்காதவர் வீண்செலவுக்கு ஆளாவர்.

உண்மையிலேயே தகுதியற்ற கணினியாயின், கால நீடிப்பு ஒன்று உண்டு. தனியாட்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என நிறுவனம் அறிவித்தது. விலை 30 அமெரிக்க டொலர். 2025இன் இறுதியில் நிலவிய விகிதப்படி ஏறத்தாழ 9,000 ரூபா. தன் கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ற் கணக்கொன்றுடன் இணைத்து வைப்பவருக்கு இலவசம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தார்க்கோ, நுகர்வோர் அமைப்பொன்று வற்புறுத்தியதன்பின், 2025 செப்ரெம்பரில் அந்நிபந்தனையும் கட்டணமும் தளர்த்தப்பட்டன. கேட்டவர்க்குக் கிடைத்தது. நாம் கேட்கவில்லை; கேட்பதற்கு நம்மிடம் ஓர் அமைப்பும் இல்லை.

இங்கே நம்மவரின் வழக்கமொன்றையும் மறைக்காது கூறவேண்டும். நம் நாட்டு வீட்டுக் கணினிகளுள் எத்தனையோ கடைக்காரர் இட்டுக்கொடுத்த திருட்டுப் பிரதியிலேயே ஓடுகின்றன. அவற்றிற் பலவற்றில் திருத்தங்கள் வருவதையே கடைக்காரர் முடக்கிவிடுகின்றார், பூட்டுடைத்தது வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால். அத்தகைய கணினிக்கு 2025 ஒக்டோபர் ஒரு பொருட்டன்று. அதன் ஆதரவு வாங்கிய நாளிலேயே முடிந்துவிட்டது. ‘உயர்த்துவதா’ என்று அதன் உடமையாளர் கவலையுறுவது நகைப்புக்குரியது.

எமது முடிபு லினக்ஸின் பாற்பட்டது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த கருவின்மீது எழுந்த இம்முறைமை, மூலநிரல் திறந்து கிடப்பது. ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் கையேற்கலாம். மேற்கூறிய ஒஸ்ரின் காரின் மூடி இங்கே திறந்திருக்கின்றது. மின்ற், உபுண்டு முதலிய வடிவங்கள் 2017க்கு முந்திய கணினிகளிலும் செவ்வனே ஓடுவன. சுழலும் வன்தட்டை அகற்றித் திண்மநிலைத் தட்டொன்றைப் பொருத்தினால், பழைய கணினி பெறும் வேகம் கண்டு வியப்பவர் பலர். செலவு புதிய கணினியின் சிறுபகுதியே. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் இரண்டொரு மாதங்களில் 360ஐ எட்டியதைக் கண்ட குடும்பங்களுக்கு, இறக்குமதிப் பண்டமொன்றை மாற்றுவது எத்தகைய சுமை என்பதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

தடைகள் இல்லையா எனின், உள. கணக்கியல் மாணவர்க்கும் வரைகலை மாணவர்க்கும் வேண்டிய சில மென்பொருள்கள் லினக்ஸில் இயங்குவதில்லை. அவர்க்கு இவ்வழி பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். புள்ளிவிபரவியல் மாணவர் அவ்வாறு கூறுவதை மட்டும் ஏற்பதற்கில்லை. ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ‘ஆர்’ என்னும் மொழி அவர்க்கு எங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. பாமினியில் தட்டெழுதிய பழைய கோப்புகளைத் திறக்க முடியுமா என்று தமிழ்த்துறை நண்பர்கள் வினவுவர். எழுத்துருவை நிறுவினால் முடியும். பக்க அமைப்புச் சற்றுக் குலையும், அதனைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது செல்லும்.

மிகப் பெரிய தடை கணினியில் இல்லை. அது நமது துறை அலுவலகங்களில் இருக்கின்றது. ஆய்வேட்டையும் ஒப்படையையும் ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்திலேயே சமர்ப்பிக்கவேண்டும் என மாணவரைப் பணிப்பது பல துறைகளில் வழக்கம். அக்கோப்பு வேறொரு மென்பொருளில் எழுதப்பட்டதாயின், வரி நகர்ந்தது, எழுத்தளவு மாறியது என்று திருப்பியனுப்புவர். இதனால், 2016இல் வாங்கிய கணினியொன்றை வைத்துக் கற்கும் மாணவி, தன் துறையின் விதிக்காகவே கடன்பட்டுப் புதியது வாங்கவேண்டியவளாகின்றாள். எந்த முறைமையிலும் ஒரே தோற்றத்திற் காணத்தக்க பிடிஎவ் வடிவத்தை ஏற்பதற்குப் பீடச் சபையின் ஒரு தீர்மானம் போதும். திருத்தக் குறிப்புகள் எழுதுவதற்குத் திறந்த ஆவண வடிவமும் உண்டு. அது 2006 முதல் சருவதேச நியமமாகும். அடுத்த கல்வியாண்டிற்கான ஒப்படை விதிகள் வரையப்படுமுன் இத்தீர்மானத்தை மாணவர் சங்கங்கள் பீடங்களின் முன் வைத்தல் வேண்டும்.