பருந்துக் கூட்டைத் தட்டினா பேன் போகுமா?

1/ சிவகிரிப் பக்கம், அரசு மருத்துவமனை ஓபி. ஒரு அப்பா ஏழு வயசு மகளைத் தூக்கிட்டு ஓடி வந்தார். வாயில் எச்சில் வழியுது, கண்பாவை ஊசிமுனையா சுருங்கியிருக்கு. "தலையில என்ன போட்டீங்க?"

"பேனுக்கு வயல் மருந்து சார். தென்னையில பருந்துக் கூடு, அதுல இருந்துதான் இறங்கிருக்கு. கூட்டையும் தட்டி விட்டுட்டேன்."

பிள்ளை பிழைச்சிட்டா. பருந்துக் குஞ்சுகள் பிழைக்கல.

2/ அவர்மேல எனக்குக் கோபமில்ல. "பறவைப் பேன் பிள்ளைகளுக்குப் பரவும்"னு விசாரிக்காம வாட்ஸப்பில் தள்ளிவிடுற படிச்சவங்க மேலதான் கோபம்.

3/ இறகுப்பேன் பருந்து உடம்பிலேயே பிறந்து, அங்கேயே சாகும். ஈரையும் இறகில்தான் ஒட்டும். தாயிடமிருந்து குஞ்சுக்குக் கூட்டில் பரவும், இணை சேரும்போது பரவும். சில இனங்கள் பறவைமேல் வாழும் தட்டை ஈயைப் பிடிச்சுத் தொத்திக்கிட்டுப் போகும். பறவையை விட்டு விழுந்தா சில நாளில் சாவு.

4/ புறாவை அடிச்சுத் தின்னும் வல்லூறு மேலயே புறாப்பேன் பெரும்பாலும் நிலைக்காது. இறகே இல்லாத உங்க பிள்ளை தலையில எப்படி நிலைக்கும்?

5/ 1980-களில் அமெரிக்காவில் அழியும் நிலையில் இருந்த கலிபோர்னியா காண்டோர்களைப் பிடிச்சு வளர்த்தப்போ, மருந்து போட்டுப் பேனை நீக்கினாங்க. அந்தப் பறவைக்கே உரிய ஒரு பேன் இனம் அதுக்கப்புறம் எங்கேயும் கிடைக்கல. வேற பறவைக்குக்கூட மாறிப் பிழைக்கத் தெரியாத உயிர் அது.

6/ "கூட்டுக்குக் கீழ நின்னா அரிக்குதே?" அது செள்ளு. பறவைக் கூட்டில், கோழிக்கூண்டில் இருக்கும். நம்மைக் கடிக்கும், ஆனா நம்ம மேல குடியிருக்காது. அது பேனே இல்ல.

7/ தலைப்பேன் வர்றது இன்னொரு மனுசத் தலையிலிருந்து. பள்ளிக்கூடத்தில், ஒரே பாயில், தலையோடு தலை ஒட்டும்போது. இதில் வெட்கப்பட ஒண்ணுமில்ல.

8/ வைத்தியம்: 1% பெர்மெத்ரின் லோஷன், ஈர முடியில் பேன்சீப்பு, 7-10 நாளில் மறுபடி ஒருமுறை. வீட்டில் எல்லார் தலையையும் பாருங்க.

9/ வயல் மருந்து தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும். தெரியாம போட்டுட்டீங்களா? துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தண்ணி ஊத்திக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. மருந்து டப்பாவையும் கொண்டு வாங்க. திட்ட மாட்டோம்.

10/ பருந்துக் கூட்டைக் கலைக்கிறது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க. நம்ம வயல் எலியைத் தூக்கிட்டுப் போற பறவைக்கு நாம செய்ற கைமாறா இது?

அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தா, பதிலுக்கு இதை அனுப்புங்க.