எல்லை தாண்டும் இணைய நிறுவனங்கள்



2012-ல் '3' திரைப்படத்தின் திருட்டு நகல்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் காட்டி, சில இணைய நிறுவனங்கள் டொரண்ட் தளங்களோடு விமியோ என்ற காணொளித் தளத்தையும் முழுதாக முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. டொரண்ட் என்றாலே திருட்டு அல்ல. கட்டற்ற மென்பொருளான லினக்ஸும் அவ்வழியே பகிரப்படுகிறது.

தளங்களை முடக்குவது வேறு, வேகத்தைக் குறைப்பது வேறு. மாலை நேரத்தில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இணைய நெரிசல் மிகுந்தால், அதிகம் தரவிறக்குபவரின் வேகத்தை அந்த நேரத்துக்கு மட்டும் குறைப்பது நியாயமே. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் தடங்கலின்றி நடக்க வேண்டுமல்லவா! ஆனால் அவர் எதை இறக்குகிறார் என்று துழாவ நிறுவனத்துக்கு என்ன உரிமை? 'அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்துவிட்டு, பொடி எழுத்தில் வரம்பு வைப்பது ஏமாற்று. இணைய நெரிசலைக் கையாள்வதற்கான நெறிமுறைகளை வகுக்கப் பலதரப்பினர் கொண்ட அமைப்பு வேண்டும் என 2020-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை அதை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை-4