ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோல்

‘வீழ்ச்சி’ என்ற சொல்லை நாம் சற்று அவசரமாகவே பயன்படுத்திவிடுகிறோம் எனத் தோன்றுகிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் அச்சொல்லுக்கு உதாரணமாகத் திரும்பத் திரும்பச் சுட்டப்படுபவர் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியின் கோல்கீப்பராக இருந்த ஜிம் கேரி. (நகைச்சுவை நடிகர் அல்லர். ஆங்கிலத்தில் இருவர் பெயருக்கும் இடையே ஓர் எழுத்து வேறுபாடு உண்டு. தமிழ் அதையும் அழித்துவிடுகிறது. நடிகரின் படப்பெயரைத் திரித்து ‘நெட் டிடெக்டிவ்’ என்றே இவரை அழைத்தார்கள்.)

1995-96 பருவத்தில் 35 வெற்றிகள். அவற்றுள் 9 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோலும் இல்லை. சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பை கிடைத்தபோது அவருக்கு வயது 22. மூன்றே ஆண்டுகளில், 25 நிறைவதற்கு முன்பே, தேசிய ஹாக்கி லீகில் அவருடைய கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது.

இக்கதையை எரிந்து விழுந்த நட்சத்திரத்தின் கதையாகச் சொல்வது எளிது. நாம் அதில் உடன்படவில்லை. வெஸினாவுக்கான வாக்குகளை அணிகளின் பொது மேலாளர்கள் அளிக்கிறார்கள். அதுவும் வழக்கமான பருவத்தை மட்டும் கணக்கில் கொண்டு. நாக்-அவுட் சுற்றுகளுக்கு அங்கே இடமில்லை. 1995இல் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 3-1 என முன்னிலை பெற்றிருந்த வாஷிங்டன் தொடரை இழந்தது. 1996இல் அதே பிட்ஸ்பர்க். இம்முறை தொடரின் நடுவிலேயே கேரியின் இடத்தில் ஓலாஃப் கோல்ஸிக் நின்றார். கோப்பை கைக்கு வந்தபோது வாஷிங்டன் வெளியேறிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. விருது ஒரு பருவத்தைத்தான் அளந்தது. அதை ஓர் ஆயுளின் அளவாக வாசித்தவர்கள் நாம். முதல் நாவலுக்குப் பரிசு பெற்றவரின் இரண்டாம் நாவலை இலக்கிய உலகம் வாசிக்கும் விதத்தை நண்பர்கள் நினைவுகூரலாம்.

சரிவின் அளவையும் பார்க்க வேண்டும். 1997 மார்ச்சில் அவரை பாஸ்டன் அணிக்கு மாற்றினார்கள். பரிசு பெற்ற ஆண்டில் நூறு அடிகளில் சுமார் 91ஐத் தடுத்தவர், அங்கே சுமார் 87ஐத் தடுத்தார். ஓர் ஆட்டத்துக்கு முப்பது அடிகள் என்று கொண்டால், வேறுபாடு ஏறத்தாழ ஒரு கோல். உலகின் தலைசிறந்தவருக்கும் கீழ்நிலை லீகுக்கு அனுப்பப்படுபவருக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே. முன்கள வீரர் தவறவிடும் வாய்ப்பு அடுத்த நிமிடமே மறந்துபோகிறது. கோல்கீப்பரின் தவறுக்கோ, அவர் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கே எரிகிறது.

1998-99இல் செயின்ட் லூயிஸ் அணிக்காக நான்கு ஆட்டங்கள். பிறகு விலகிக்கொண்டார். கீழ் லீகுகளில் ஆண்டுக்கணக்காக அலைந்து மீள முயன்றவர்கள் பலருண்டு. கேரி அதைச் செய்யவில்லை. அதைத் தோல்வி என்று எண்ண நமக்கு மனம் வரவில்லை.

வெஸினா பட்டியலில் 1994, 1995 ஆண்டுகளுக்கு நேரே டொமினிக் ஹாஷெக்கின் பெயர் இருக்கிறது; 1997 முதல் 1999 வரையும் அவரே. இடையில் ஒற்றை வரியாக கேரி. 2000இல் அதே கோப்பையை வென்றவர் கோல்ஸிக். அதற்குள் கேரி ஹாக்கியை விட்டிருந்தார். பின்னர் மருத்துவக் கட்டணக் கணக்குகளைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.