கடைசி வரியும் தெரியட்டும்



செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஆலயங்களில், பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு கணினியை இணைத்துப் பாடல் வரிகளைக் காட்டுகிறோம். வரிகளின் முதலெழுத்து மறைகிறது. கடைசி வரி பாதியாகிறது. கோட்டையின் மூன்று குன்றுகளும் அடங்கிய படத்தை இட்டால், ஓரக் குன்றின் சரிவு காணாமற்போகிறது. உடனே எழுத்தைச் சிறிதாக்கி விடுகிறோம். அது தீர்வாகாது என்பதே என் கருத்து. எழுத்துச் சிறுத்தால் முதலில் இழப்பவர்கள் கண் மங்கிய முதியோர். பாட்டுப்புத்தகத்தை வாசிக்க இயலாமல் திரையை நம்பியிருப்பவர்களும் அவர்களே.

இக்குறைக்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். 1982இல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபின் வீடுகளுக்கு வந்தவை படக்குழாய்ப் பெட்டிகள். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், பாகங்கள் பழையனவானாலும் அவற்றில் படத்தின் அளவு சற்றே மாறும். கருப்பு ஓரம் தெரியாதிருக்கப் படத்தைச் சட்டத்துக்கு அப்பாலும் விரித்தார்கள். தட்டைத் திரைக்கு அத்தேவை இல்லை. ஆயினும் பழக்கம் தொடர்ந்தது. 1920×1080 புள்ளிகள் கொண்ட படத்தில் 5 சதவீதத்தை வெட்டினால், இடமும் வலமும் 48 புள்ளிகள் வீதமும் மேலும் கீழும் 27 புள்ளிகள் வீதமும் போய்விடும். எஞ்சியதை இழுத்து நிரப்புவதால் எழுத்தும் மங்கும்.

ஆகவே, குறை இருக்கும் இடத்திலேயே அதைத் திருத்துவோம். ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவை மாற்றும் பகுதிக்குச் செல்லுங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' எனப் பெயர்கள் வேறுபடும், பணி ஒன்றே. சாம்சங் பெட்டிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரைப் 'பிசி' என மாற்றினாலே போதும். கணினித் திரையின் அடிப்பட்டி முழுதாகத் தெரிந்தால் சரியாயிற்று என்று அறியலாம்.

அவ்வசதி இல்லாவிட்டால் மட்டும் கணினியின் கிராஃபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்குங்கள். ஓரம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சுருக்கியதைப் பெட்டி மீண்டும் விரிப்பதால் கூர்மை குறையும். படக்குழாய்ப் பெட்டியானால், எழுத்தைக் குறைக்காமல் வரிகளைக் குறைத்து நடுவில் அமையுங்கள். அதன் உட்பகுதியை ஒருபோதும் திறவாதீர்கள். அணைத்த பின்னும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

புதிய பெட்டிக்கெனக் காணிக்கை திரட்டுமுன், ஆராதனைக்கு முன்பாகச் சில நிமிடங்களை இதற்கு ஒதுக்குவோம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியும் கடைசி வரியைப் பார்த்துப் பாடட்டும்.